'ஒன்லி' என்னும் ஆங்கில வினையடை

ஆங்கிலத்திலே 'ஒன்லி' என்பது மிகச் சிறிய சொல். கீழ்வகுப்பு மாணவனை அதன் பொருள் யாதெனக் கேட்டாலும், 'மட்டும்' எனத் தயங்காது விடை கூறுவான். ஆயினும், மேல்வகுப்பு மாணவர் எழுதும் கட்டுரைகளிலும், கல்லூரியை விட்டு நீங்கி உத்தியோகம் பார்ப்போர் எழுதும் கடிதங்களிலும், இச்சொல் தனக்குரிய இடத்தை விட்டு வேறிடத்திற் போய் அமர்ந்திருத்தலையும், வேண்டப்படாத இடத்தில் வலிந்து நிற்றலையும் காண்கின்றோம். தமிழாசிரியர்க்கு ஆங்கிலச் சொல்லொன்றில் என்ன அலுவல் எனச் சிலர் வினவலாம். இச்சொல்லால் நம்மவர்க்கு நேரும் இடர்ப்பாடு, ஆங்கிலம் போதிய அளவு கல்லாமையால் மட்டும் நேர்வதன்று. தமிழில் அதற்கு நேராக நிற்கும் இடைச்சொற்களின் இயல்பைச் சிந்தியாமையாலும் நேர்வது. ஆதலின் இவ்விடயம் தமிழாசிரியர்க்கும் உரியதேயாம்.

இச்சொல்லின் பிறப்பை முதலில் நோக்குவோம். பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' எனப் பொருள்படும் சொல்லோடு 'போன்ற' எனப் பொருள்படும் விகுதியொன்று சேர்ந்து இச்சொல் ஆயிற்று. ஒன்றாய் இருக்குந் தன்மை என்பதே இதன் அடிப்பொருள். நம் மொழியிலும் 'ஒரு' என்பதனோடு ஏகாரம் சேர, 'ஒரே' என்றாகின்றது. அவர்கள் 'ஒன்லி சன்' என்பதை நாம் 'ஒரே மகன்' என்கின்றோம். ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள் இவ்விடத்தில் ஒரே வழியாற் சென்றிருத்தல் வியப்புக்குரியது. 'ஒரு', 'ஒரே' என்னும் இரண்டற்கும் இடையே நிற்பது ஓர் ஏகாரந்தான் என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக; அது பின்னர் வேண்டப்படும்.

'ஒரே மகன்' என்னுமிடத்து இச்சொல் பெயரடை. அங்கே தொல்லை யாதுமில்லை. வினையடையாய் வருங்காலையிலேதான் தொல்லை தொடங்குகின்றது. 'கந்தன் கேவ் மீ டென் ருப்பீஸ் யெஸ்டர்டே', அதாவது 'கந்தன் நேற்று எனக்குப் பத்து ரூபா தந்தான்' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'ஒன்லி' என்பதைக் கந்தனுக்கு முன் வைத்தால், தந்தவன் கந்தன் மட்டுமே, வேறொருவருந் தந்திலர் என்றாகும். 'மீ' என்பதற்கு முன் வைத்தால், எனக்கு மட்டுமே தந்தான், பிறர்க்குத் தந்திலன் என்றாகும். பத்து ரூபாவிற்கு முன் வைத்தால், தொகை சிறிதென்பது பெறப்படும். வினைச்சொல்லுக்கு முன் வைத்தால், தந்ததைத் தவிர வேறொன்றுஞ் செய்திலன் என்று கொள்ளவும் இடமுண்டு. ஆங்கிலத்தில் இச்சொல் தான் தழுவுஞ் சொல்லுக்கு முன்னே நிற்பது. தமிழில் ஏகாரமும், தான் என்பதும், மட்டும் என்பதும், மாத்திரம் என்பதும் தாந்தழுவுஞ் சொல்லுக்குப் பின்னே ஒட்டி நிற்பன. பின்னே வைத்துப் பழகிய நாவும் கையும் ஆங்கிலம் எழுதும்போதும் பின்னேயே வைக்க முற்படுகின்றன. பிழைகளுட் பாதி இதனால் வருவன.

அவ்வாக்கியத்தில் இன்னுமோர் இடம் எஞ்சியிருக்கின்றது. 'யெஸ்டர்டே' என்பதற்கு முன் 'ஒன்லி' வந்தால் தமிழில் எவ்வாறு கூறுவோம்? 'நேற்று மட்டும் தந்தான்' என்று கூறின் பொருள் கெடும். அது முன்னும் பின்னும் தாராது நேற்றைய ஒரு நாளிலே தந்தான் என்றாகிவிடும். ஆங்கிலத் தொடரோ, தந்து நெடுங்காலம் ஆகவில்லை என்கின்றது. 'நேற்றுத்தான் தந்தான்' என்பதே அதற்குச் சரியான தமிழ். காலத்தைக் குறிக்குஞ் சொற்களோடு வரும்போது 'ஒன்லி' என்பது பெரும்பாலும் 'தான்' ஆகின்றது. 'பஸ் ஆறு மணிக்குத்தான் வந்தது', 'இப்போதுதான் உண்டேன்', 'பதினைந்து வயதில்தான் எழுதப் படித்தான்' என்பனவெல்லாம் இவ்வகையின. எதிர்பார்த்த நேரத்திற்கு முன்பு அன்று என்னுங் குறிப்பு இவற்றில் உண்டு. அகராதியில் 'மட்டும்' என்ற ஒன்றையே கண்டு மனனஞ் செய்த மாணவன் இவ்விடத்தில் வழுக்கி விழுவான்.

இனி, இச்சொல்லால் நம்மவர்க்கு நேரும் பிழைகளுள் தலையாயதனைக் கூறுவாம். 'ஐ ஆம் ஃப்ரம் ஹட்டன் ஒன்லி' என்று ஒருவர் கூறக் கேட்டிருப்பீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இவ்வழக்கு நெடுநாளாக உண்டு. 'நான் ஹட்டனிலிருந்துதான் வருகின்றேன்' என்பதே அவர் உள்ளத்திலிருந்த வாக்கியம். இங்கே 'தான்' என்பது வேற்றூர்களை விலக்குவதற்கு வந்ததன்று. கூற்றை உறுதிப்படுத்த வந்தது. தொல்காப்பியர் ஏகாரத்திற்கு ஐந்து பொருளும், பவணந்தியார் ஆறு பொருளும் கூறினர். இருவரும் பிரிநிலையையும் தேற்றத்தையும் வெவ்வேறாகவே எண்ணினர். ஒரு கூட்டத்தினின்று ஒன்றைப் பிரித்தெடுத்தல் பிரிநிலை. ஐயம் நீங்கத் துணிந்து கூறல் தேற்றம். தான் என்பதை நன்னூலார் அசைமொழிகளோடு வைத்தாராயினும், இக்கால வழக்கில் அஃது ஏகாரத்தின் இவ்விரு பொருளையும் ஏற்று நிற்கின்றது. ஆங்கில 'ஒன்லி'க்குப் பிரிநிலைப் பொருள் உண்டு. தேற்றப் பொருள் இல்லை. இவ்வளவே நுட்பம். இதனைப் பத்து நிமிடத்தில் வகுப்பில் விளக்கிவிடலாம், விளக்குவோர்தாம் அரியர்.

இப்பிழை சிரிப்பிற்குரியது மட்டுமன்று. வகுப்பறைச் சன்னற் கண்ணாடி உடைந்து கிடக்கின்றது. உடைத்தவன் யாரென ஆசிரியர் வினவுகின்றார். 'அவன்தான் உடைத்தான்' என்று கருதிய மாணவன், 'ஹீ ஒன்லி ப்ரோக் இட்' என்கின்றான். ஆங்கிலங் கேட்டுப் பழகிய செவிக்கு, 'அவன் உடைக்க மட்டுமே செய்தான், வேறு குற்றம் யாதுஞ் செய்திலன்' என்று அது படும். குற்றஞ்சாட்ட வந்தவன் குற்றவாளிக்கு வக்கீலாகிவிட்டான்! அவன் கூறவேண்டியது 'இட் வோஸ் ஹீ ஹூ ப்ரோக் இட்' என்பது. தேற்றப் பொருளை ஆங்கிலேயர் இவ்வாறு வாக்கியத்தைப் பிளந்து முன்னே நிறுத்தியும், குரலை அழுத்தியுங் காட்டுவர். 'அதிபர் தாமே வந்தார்' என்பது போன்ற இடங்களில் 'ஹிம்செல்ஃப்' என்பது பொருந்தும். நம் 'தான்' என்பதும் முதலில் 'தன்னை, தனக்கு' என வேற்றுமையேற்கும் பெயராய் நின்று, பின் இடைச்சொல்லானதன்றோ?

மலைநாட்டில் வாழ்வோர் சிங்களத்தையும் நாள்தோறுங் கேட்பர். அம்மொழியில் 'மம தமய்' என்றால் நான்தான். 'மம விதரய்' என்றால் நான் மட்டும். தேற்றத்திற்கு ஒன்றும் பிரிநிலைக்கு ஒன்றுமாக இரு சொற்கள் அங்கே நிற்கின்றன. 'தமய்' வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் 'ஒன்லி' வாராது. 'விதரய்' வரும் இடத்திற் பெரும்பாலும் வரும். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் மும்மொழியும் புழங்கக் கேட்கும் மாணவனுக்கு, இலக்கண நூலினும் இவ்வொப்பீடு எளிதில் விளங்கும்.

எழுத்தில் 'ஒன்லி' இரண்டு சொற்களுக்கு நடுவே நின்றால் எதனைத் தழுவுகின்றது என்பது ஐயமாகும். தோட்டத்து ஆபீசுப் பலகையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் தொங்குவதாகக் கொள்வோம். 'பேமென்ட் டு ரெஜிஸ்டர்ட் வேர்க்கர்ஸ் ஒன்லி திஸ் சட்டர்டே.' ஒருவர் இதனை, 'பதிவுள்ள தொழிலாளருக்கு மட்டும் இச்சனிக்கிழமை சம்பளம்' என்று படிப்பார். பதிவின்றிக் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்போர் அன்றைக்கு வரவேண்டியதில்லை என்பது அவர் கொள்ளும் பொருள். மற்றொருவர், 'பதிவுள்ள தொழிலாளருக்கு இச்சனிக்கிழமை மட்டும் சம்பளம்' என்று படிப்பார். அன்றைக்குத் தவறினால் மறுநாளிற் கிடையாது என்பது இவர் கொள்ளும் பொருள். மேற்பிரிவு லயத்திலிருந்து மழையில் நடந்து வரும் ஒரு தாய்க்கு இவ்வேறுபாடு இலக்கண நயமன்று, அரைநாள் வேலை. பேச்சிலே குரல் ஏற்றத்தால் ஐயந் தீரும், பலகைக்குக் குரலில்லை. ஆகவே எழுதுவோர் இச்சொல்லைத் தழுவப்படுஞ் சொல்லுக்கு நேர்முன்னே வைத்து, வாக்கியத்தையும் அதற்கேற்ப அமைத்தல் வேண்டும்.

இங்கே மிகையான கண்டிப்பும் ஆகாது. ஃபவ்லர் என்னும் ஆங்கில அறிஞர், 1926இல் வெளிவந்த தம் சொல்வழக்கு அகராதியில், ஐயத்திற்கு இடமில்லாத வாக்கியங்களிலும் 'ஒன்லி'யை இழுத்து இடம் மாற்றுவோரைக் கடிந்திருக்கின்றார். நாவில் இயல்பாக வினைச்சொல்லுக்கு முன் வந்தமரும் 'ஒன்லி'யை, கேட்போர்க்கு மயக்கந் தாராவிடத்து அங்கேயே விட்டுவிடலாம் என்பது அவர் கருத்து. அக்கருத்து எமக்கும் உடன்பாடு. ஆயினும் மாணவர் முதலில் விதியைக் கற்று, விலக்கைப் பின்னர்க் கையாளுதல் நன்று.

ஆங்கிலத்தை இவ்வளவு குறை கூறிய நாம், நம் 'மட்டும்' என்பதையுஞ் சற்று நோக்கவேண்டும். மட்டு என்பது அளவு, எல்லை. அதனால் இச்சொல் இலங்கைத் தமிழில் 'வரை' என்னும் பொருளிலும் வழங்குகின்றது. 'காலை தொடக்கம் மாலை மட்டும் உழைத்தான்' என்பது நல்ல தமிழே. ஆனால், 'விண்ணப்பங்கள் பத்தாந் திகதி மட்டும் ஏற்றுக்கொள்ளப்படும்' என்று ஓர் அலுவலகம் அறிவித்தால், பத்தாந் திகதி வரையில் என்பதா, பத்தாந் திகதி ஒரு நாளிலே என்பதா? மொழிபெயர்ப்போர் 'ஒன்லி' வருமிடத்து 'மட்டுமே' என ஏகாரங் கொடுத்தும், எல்லை குறிக்குமிடத்து 'வரை' என்றும் எழுதிவிட்டால் இம்மயக்கம் ஒழியும். ஏகாரம் ஓரெழுத்து, அதனைச் சேர்ப்பதற்கு மை அதிகஞ் செலவாகாது.

காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி 'ஒன்லி' என முடிப்பதை அனைவரும் அறிவர். 'ரூபா ஐந்நூறு மாத்திரம்' என்று தமிழில் எழுதுவதும் அதுவே. அங்கே தொகை சிறிதென்பது கருத்தன்று. பின்னால் ஒருவர் எதனையுஞ் சேர்த்தெழுதாதபடி வேலியடைத்தலே கருத்து. அலுவலகப் படிவங்களில் 'கொப்பீஸ் ஒன்லி' என்று காணின், மூலச் சான்றிதழை அனுப்பாது பிரதியை அனுப்புக என்பது பொருள். பிரதி ஒன்று போதும் என்று இதற்குப் பொருள் கொண்டு, மூலத்தையே உறையிலிட்டு அனுப்பிவிட்டுப் பின் அதனைத் தேடி அலைவோர் இன்றும் உளர்.

நிபந்தனையோடு வரும் 'ஒன்லி இஃப்' என்பது இவற்றினும் கவனிக்கத்தக்கது. 'கணிதத்தில் சித்தியடைந்தால் சேர்த்துக்கொள்வோம்' என்பது வேறு. 'கணிதத்தில் சித்தியடைந்தால் மட்டுமே சேர்த்துக்கொள்வோம்' என்பது வேறு. முன்னையது வாக்குறுதி. பின்னையதோ, சித்தியடையாதவன் வரவேண்டாம் என்கின்றதேயன்றிச் சித்தியடைந்தவன் அனைவரையுஞ் சேர்ப்பதாகக் கூறவில்லை. வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கும் மாணவர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு பின் மனமுடைவர். 'சித்தியடைந்தாலன்றிச் சேர்க்கப்படார்' என்று எதிர்மறையால் மொழிபெயர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். 'ஒன்லி' வரும் எவ்விடத்திலும் 'அன்றி இல்லை' என்று மாற்றிப் பார்ப்பது நல்ல உரைகல். அதனைத் தலைகீழாக்கி 'இஃப் ஒன்லி' என்றால் நிபந்தனை போய் ஏக்கம் வந்துவிடும்: 'ஐயோ, அவர் இருந்திருந்தால்!' 'ஒன்லி டூ க்ளாட்' என்பதில் இச்சொல் குறைக்கவில்லை, மிகுக்கின்றது. மிக்க மகிழ்ச்சி என்பதே பொருள். பேச்சில் 'ஆனால்' என்னும் பொருளில் இணைப்புச் சொல்லாகவும் வரும். இவற்றை வழக்கினின்றே கற்றல் வேண்டும்.

இச்சொல்லுக்கு எதிர்நிற்பது 'ஓல்ஸோ'. முன்னையது கதவை அடைப்பது; பின்னையது திறப்பது. இரண்டையும் இணைத்து 'நொட் ஒன்லி, பட் ஓல்ஸோ' என்பர். 'இதுமட்டுமன்றி அதுவும்' என்பது தமிழ். 'ஓல்ஸோ' என்பதற்கு நம்மிடம் உள்ள விடை உம்மை. உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினர் இலக்கண ஆசிரியர். அவற்றுள் முன்சொன்ன ஒன்றைத் தழுவி வருவதனை இறந்தது தழீஇய எச்சவும்மை என்பர். 'சாத்தனும் வந்தான்' என்றால், சாத்தனுக்கு முன் வேறொருவன் வந்துவிட்டான் என்பது சொல்லாமலே பெறப்படும். 'கந்தனும் சாத்தனும் வந்தனர்' என்று இரண்டிடத்தும் வருவது எண்ணும்மை. ஆங்கிலத்தில் அதற்கு 'அன்ட்'. அங்கே முந்தியவரும் இல்லை, பிந்தியவரும் இல்லை.

இவ்விலக்கணத்தைக் கையிற்கொண்டு, இலங்கையின் மொழிச்சட்டங்களை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். அரசியல் பேசுவது இம்மலரின் நோக்கமன்று; சொல்லின் நடையையே காண்போம். 1944இல் அரசாங்க சபையில், சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டுமென ஜே. ஆர். ஜயவர்த்தனா அவர்கள் கொணர்ந்த பிரேரணை, தமிழையுஞ் சேர்க்கவேண்டுமென்று வ. நல்லையா அவர்கள் கொணர்ந்த திருத்தத்தோடு நிறைவேறிற்று. சிங்களமும் தமிழும் என்ற எண்ணும்மை அன்று நின்றது. பின்னர் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் இதனை உலகம் 'சிங்கள ஒன்லி' என்று அழைக்கின்றது. நாம் 'தனிச் சிங்களச் சட்டம்' என்கின்றோம். ஆயினும் அச்சட்டத்தின் நெடுந்தலைப்பிலோ முதன்மை விதியிலோ 'ஒன்லி' என்னுஞ் சொல் இல்லை. 'த வன் ஒஃபிஷல் லாங்குவிஜ்' என்றே அங்கு எழுதப்பட்டிருக்கின்றது. 1960 டிசெம்பர் 31 வரை பழைய மொழிகளைத் தொடர்ந்து வழங்க இடங்கொடுத்த காப்புவாசகத்திலேதான் 'ஒன்லி' தலைகாட்டுகின்றது.

சட்டத்தில் இல்லாத சொல்லை மக்கள் சட்டத்தின் பெயராக்கிவிட்டனர் என்று இதனைக் குறை கூறுதல் பொருந்தாது. முன்னர்க் கூறிய சொற்பிறப்பை நினைவுகூர்க. 'வன்' என்பதும் 'ஒன்லி' என்பதும் தாயும் சேயுமாவன. 'த வன்' என்று ஆங்கிலம் தணிந்த குரலிற் கூறியதனைத் தமிழாக்கப் புகுவோர்க்கு 'ஒரே அரசகரும மொழி' என்பதன்றி வேறு வழியில்லை. அங்கே ஏகாரம் வந்துவிடுகின்றது. ஏகாரத்தை நீக்கின் 'ஓர் அரசகரும மொழி' என்றாகிப் பொருள் முழுவதும் மாறும். ஆங்கிலத்தில் ஒரு சிறு சுட்டினுள் மறைந்திருந்த பிரிநிலை, தமிழில் மறைந்திருக்க இயலாது. தெருவிலே நின்ற மக்கள், இலக்கணம் படியாதவராயினும், அதனைச் சரியாகவே கேட்டனர்.

1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தமிழுக்கு விசேட ஏற்பாடுகள் செய்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் சிங்களமும் தமிழும் தேசிய மொழிகள் என எண்ணும்மை மீண்டது. ஆனால் அரசகரும மொழி என்னும் நிலை சிங்களத்திற்கே நின்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் 'ஓல்ஸோ' என்னுஞ் சொல்லைக் கொணர்ந்தது. அதன்பின் 18ஆம் உறுப்புரை, முதலில் அரசகரும மொழி சிங்களம் என்று கூறி, அடுத்த வாசகத்தில் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்கின்றது. முன்னதில் 'த', பின்னதில் 'அன்', அதாவது ஓர். 'ஒரே' என்பதிலிருந்த ஏகாரம் நீங்கி, 'தமிழும்' என்பதில் உம்மை ஏறிற்று. ஆனால் அவ்வும்மை இறந்தது தழீஇய எச்சவும்மை. ஒன்று முன்னரே வந்து அமர்ந்திருக்க, மற்றொன்று பின்னே வந்தது என்பதனை அது தன்னுள்ளே வைத்திருக்கின்றது. இதனைப் பெரும்பேறு என்பாரும், குறையென்பாரும் உளர். வகுப்பில் இவ்வுறுப்புரையை எச்சவும்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறினால், மாணவர் அதன் பின் அவ்விலக்கணத்தை மறப்பதில்லை.

மறு ஆண்டில், 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தில், இலங்கை முழுவதும் நிருவாக மொழிகள் சிங்களமும் தமிழும் என்று கூறப்பட்டது. அங்கே ஆங்கிலச் சொல் 'அன்ட்'. உம்மை இரண்டிடத்தும் நிற்கின்றது. ஆயினும் அதே உறுப்புரையின் தொடர்ச்சியில், வடக்குக் கிழக்குக்கு வெளியே பதிவேடுகள் சிங்களத்தில் இருத்தல் வேண்டுமென்றும், தமிழர் தொகை கருதிச் சில பிரதேசப் பிரிவுகளை இரு மொழிப் பிரிவுகளாகப் பணிக்கலாமென்றும் விதிக்கப்பட்டுள்ளது. நுவரெலியா மாவட்டத்துப் பிரிவுகள் 1999இல் அவ்வாறு பணிக்கப்பட்டன. பொகவந்தலாவைத் தோட்டத்துத் தந்தையொருவர் பிரதேச செயலகத்திற்குத் தமிழிற் கடிதம் எழுதித் தமிழிலேயே விடை கேட்கும்போது, அவர் கையிலிருப்பது இந்த 'அன்ட்' என்னுஞ் சொல். விடை சிங்களத்தில் மட்டுமே வருமாயின், அக்கடிதத்தின் பிரதியை வைத்துக்கொண்டு, 22ஆம் உறுப்புரையைச் சுட்டி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அவர் எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அவ்வாணைக்குழு முறைப்பாடுகளைத் தமிழிலும் ஏற்கும்.